கட்டியவரே சொந்தக்காரர் ஆனபோது: ஹைதராபாத் மெட்ரோவும் எல் அண்ட் டியின் மூலதனக் கணக்கும்

2025 செப்டம்பர் 25 அன்று தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டியும் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியனும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஹைதராபாத் மெட்ரோவின் முதல் கட்டத்தை மாநில அரசே எடுத்துக்கொள்ளும். மெட்ரோவுக்காக எல் அண்ட் டி தொடங்கிய தனி நிறுவனத்தின் தலையில் இருந்த சுமார் 13,000 கோடி ரூபாய்க் கடன் அரசின் பொறுப்பாகும். எல் அண்ட் டி தன் கையிலிருந்து போட்ட பங்கு முதலுக்கு ஒரே தவணையாக ஏறக்குறைய 2,000 கோடி கிடைக்கும். அந்தப் பங்கு முதல் சுமார் 5,900 கோடி என்பது நிறுவனத்தின் கணக்கு.

மெட்ரோவைக் கட்டி நடத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2010 செப்டம்பர் 4. பதினைந்து வருடம் கழித்து, போட்டதில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வெளியே வருவது சின்ன விஷயமில்லை. இத்தனைக்கும் நாட்டின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனம் அது. மதிப்பீடு, திட்டமிடல், செலவுக் கட்டுப்பாடு என்று எதை எடுத்தாலும் மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம். அதன் கட்டுமானப் பிரிவு சென்னை மணப்பாக்கத்திலிருந்து இயங்குகிறது; தமிழ்நாட்டு சிவில் இன்ஜினியர்களில் ஏராளமானவர்களின் முதல் வேலை அங்கேதான். அப்படிப்பட்ட நிறுவனத்தின் மூலதன பட்ஜெட், அதாவது எந்தச் சொத்தில் எவ்வளவு முதல் போடலாம் என்று முடிவு செய்யும் கணக்கு, எங்கே பிடி நழுவியது என்பதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், கட்டுமான நிறுவனத்தின் மூலதன பட்ஜெட் என்பது சாதாரணமாக எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒப்பந்ததாரர் சொந்தமாகப் பெரிய ஆலை வைத்திருப்பவர் அல்ல. அவருடைய முதலீடு பெரும்பாலும் கிரேன், கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளாண்ட், ஷட்டரிங் பொருள்கள், டிப்பர் லாரிகள், தூண்கள்மேல் பாலத் துண்டுகளை ஏற்றி வைக்கும் லாஞ்சிங் கர்டர் என்று இயந்திரங்களில்தான் இருக்கும். டெண்டர் போடும்போதே, இந்த வேலைக்கு எந்த இயந்திரம் எத்தனை மாதம் வேண்டும் என்று பட்டியல் தயாராகிவிடும். அப்புறம் வருகிற கேள்வி, வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா.

உதாரணத்துக்கு ஒரு டவர் கிரேன் விலை 1.2 கோடி என்று வைத்துக்கொள்வோம். பத்து வருட ஆயுள் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 12 லட்சம். 10 சதவீத வட்டியில் முதல் வருடம் இன்னொரு 12 லட்சம். பராமரிப்பு, இன்சூரன்ஸ் 4 லட்சம். ஆக 28 லட்சம். அதே கிரேன் மாதம் 3 லட்சத்துக்கு வாடகைக்குக் கிடைக்கிறது என்றால், வருடத்தில் ஒன்பது மாதம் பத்து நாளுக்கு மேல் ஓட வேலை இருந்தால் வாங்குவது லாபம். இல்லாவிட்டால் வாடகைதான் சரி. நல்ல நிறுவனங்கள் இந்தக் கணக்கை ஒவ்வொரு சைட்டுக்கும் தனியாகப் போடாமல், எல்லா சைட்டுகளையும் சேர்த்துப் போடுகின்றன. ஒரு சைட்டில் வேலை முடிந்த கிரேன் அடுத்த சைட்டுக்கு எந்த மாதம் போகும் என்பதுதான் அந்தப் பட்ஜெட்டின் உயிர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் சும்மா நின்றது என்று மாதாமாதம் அறிக்கை வரும். சும்மா நிற்கும் இயந்திரத்தை விற்க உத்தரவு போகும். இதில் எல் அண்ட் டி போன்ற நிறுவனத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த முறை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: கணக்கு தப்பினாலும் கிரேனைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம், இல்லை பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். நகரத்தின் நடுவே நட்ட மெட்ரோ தூணை அப்படிக் கழற்ற முடியாது. கழற்ற முடியாத முதலீட்டைக் கழற்றக்கூடிய முதலீட்டுக்கான பழக்கத்தோடு அணுகியதில்தான் ஹைதராபாத் கதை தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

முன்கதை: மைட்டாஸ்

2008இல் இதே திட்டத்துக்கு முதல் டெண்டர் நடந்தது. ஜெயித்தது சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ராமலிங்க ராஜுவின் குடும்ப நிறுவனமான மைட்டாஸ் தலைமையிலான கூட்டணி. மற்றவர்கள் அரசிடம் மானியம் கேட்டுக்கொண்டிருக்க, இவர்கள் அரசுக்கே 30,311 கோடி தருகிறோம் என்றார்கள். அந்தத் தொகை ஒப்பந்தக் காலம் முழுக்கப் பரவியிருந்தது. பல வருடம் கழித்து வரும் பணத்தை அன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்தால் அது வெறும் 1,240 கோடிதான். காலத்தின் மதிப்பை மறந்துவிட்டு ஒரு தொகையைப் பார்த்தால் கண் எவ்வளவு ஏமாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மெட்ரோவை ரயில் டிக்கெட்டால் இல்லாமல் நிலத்தால் லாபமாக்கும் திட்டம் அது. டெல்லி மெட்ரோவின் இ. ஸ்ரீதரன் அப்போதே திட்டக் கமிஷனுக்குக் கடிதம் எழுதி, இப்படி அரசு நிலத்தைத் தனியாரிடம் கொடுத்து மெட்ரோ கட்டுவது பெரிய ஊழலில் போய் முடியும் என்று எச்சரித்தார். அவர் எச்சரித்தது ஊழலைப் பற்றி. ஆனால் அதற்குள் வேறொரு எச்சரிக்கையும் இருந்தது: இந்தத் திட்டத்தின் வருமானம் ரயிலிலிருந்து வரப்போவதில்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியானது. மைட்டாஸால் நிதி திரட்ட முடியவில்லை. அந்த வருடம் ஜூலையில் ஒப்பந்தம் ரத்தானது.

எல் அண்ட் டி போட்ட கணக்கு

2010 ஜூலையில் மறு டெண்டர். எல் அண்ட் டி 1,458 கோடி மானியம் கேட்டது; கேட்டவர்களில் குறைந்த தொகை அதுதான். வேலை கிடைத்தது. மூன்று வழித்தடம், சுமார் 71 கிலோமீட்டர், முழுக்கத் தூண்கள் மேல். ஒப்பந்தக் காலம் கட்டுமானத்தையும் சேர்த்து 35 வருடம், நிபந்தனையோடு இன்னும் 25 வருடம் நீட்டிக்கலாம்.

2011இல் நிதி ஏற்பாடு முடிந்தபோது மொத்த மதிப்பீடு 16,375 கோடி. இதில் மெட்ரோவுக்கு 14,132 கோடி, நிலையங்களையும் டிப்போக்களையும் ஒட்டிய கட்டிடங்களுக்கு 2,243 கோடி. பணம் வரும் வழி: ஸ்டேட் வங்கி தலைமையிலான வங்கிக் கூட்டமைப்பின் கடன் 11,478 கோடி, எல் அண்ட் டியின் பங்கு முதல் 3,439 கோடி, அரசு மானியம் 1,458 கோடி. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். பட்ஜெட்டின் செலவுப் பக்கத்தில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. தூணும் கர்டரும் ஸ்லாபும் எவ்வளவு ஆகும் என்பது அவர்கள் தினமும் செய்கிற வேலை.

வருமானப் பக்கம் வேறு மாதிரி. பாதி டிக்கெட்டிலிருந்து, கிட்டத்தட்ட 45 சதவீதம் கட்டிட வாடகையிலிருந்து, மீதி விளம்பரம், பார்க்கிங்கிலிருந்து. இதற்காக அரசு 269 ஏக்கர் நிலத்தில் 1.85 கோடி சதுர அடி வரை கட்டிக்கொள்ள உரிமை கொடுத்தது. பயணிகள் நாளுக்கு 15 லட்சத்துக்கு மேல் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு.

அதாவது ஒரு கட்டுமான நிறுவனம் ஒரே கையெழுத்தில் மூன்று தொழிலுக்குள் போனது: கட்டுவது, ரயில் ஓட்டுவது, கடை வாடகைக்கு விடுவது. முதலாவதில் அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் அனுபவம். மற்ற இரண்டில் வருகிற வருமானத்தை வைத்துத்தான் முதலாவதன் கடனை அடைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலரும் பேசுவதில்லை. மெட்ரோ நிறுவனத்தின் உரிமையாளர் எல் அண்ட் டி. அதற்குக் கட்டிக் கொடுக்கும் ஒப்பந்ததாரரும் எல் அண்ட் டி. இப்படி இருக்கிற எந்த நிறுவனத்திலும் கட்டுமானப் பிரிவுக்கு வேலை கிடைக்கிறது, பில் போடுகிறது, அந்தந்த வருடமே லாபம் காட்டுகிறது. முதலீட்டுப் பிரிவின் நஷ்டம் ஆறேழு வருடம் கழித்துத்தான் கணக்கில் தெரியும். எனவே ஒரு திட்டத்தை ஏற்கலாமா என்று முடிவு செய்கிற மேசையில், கட்டுமான லாபத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “இந்தக் கட்டுமானத்தை வேறொரு ஒப்பந்ததாரர் இதே விலைக்குக் கட்டிக் கொடுத்தால், வெறும் சொந்தக்காரராக நாம் இதில் பணம் போடுவோமா?” என்று ஒருவர் கேட்க வேண்டும். அதற்குப் பதில் ‘இல்லை’ என்றால் திட்டத்தை விட்டுவிட வேண்டும். இதைக் கேட்கிற ஆள் கட்டுமானப் பிரிவின் கீழ் வேலை செய்பவராக இருக்கக் கூடாது.

பணம் போகப் போக

வேலை தொடங்கும் நாளாகக் குறிக்கப்பட்டது 2012 ஜூலை 5. ஐந்து வருடத்தில் முடிய வேண்டும். நிலம் மொத்தமாகக் கைக்கு வரவில்லை. இங்கே நூறு மீட்டர், அங்கே இருநூறு மீட்டர் என்று துண்டு துண்டாக வந்தது. துண்டாக வரும் நிலத்தில் வேலை செய்வது எவ்வளவு செலவு என்பது சைட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். லாஞ்சிங் கர்டர் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்து போகிற இயந்திரம். நடுவில் ஒரு தூண் இல்லையென்றால் அது அங்கேயே நிற்கும், இல்லை பிரித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி பூட்ட வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் ஓடும், கடனுக்கு வட்டி ஓடும்.

2014 ஜூனில் தெலங்கானா தனி மாநிலமானது. புதிய அரசு சட்டமன்றம், சுல்தான் பஜார், பழைய நகரம் ஆகிய மூன்று இடங்களில் பாதையை மாற்றச் சொன்னது. அந்த செப்டம்பரில் எல் அண்ட் டி மெட்ரோ நிறுவனம் எழுதிய கடிதம் வெளியே வந்தது: சூழ்நிலை மாறிவிட்டதால் திட்டம் கட்டுப்படியாகவில்லை, வேண்டுமானால் அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. முதல் இரண்டு இடங்களில் பழைய பாதையே தொடர்ந்தது. பழைய நகரத்துக்குள் போகவேண்டிய ஐந்தரை கிலோமீட்டர் கட்டப்படாமலே நின்றது. வேலை தொடர்ந்தது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்புமுனை 2014 செப்டம்பர்தான். அந்தக் கடிதம் ஒரு சரியான மூலதனக் கட்டுப்பாட்டுக் குரல். திட்டத்தின் அடிப்படை மாறும்போது, “இதுவரை போட்டதை விடு, இனிமேல் போடப்போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன திரும்பி வரும்” என்று மறுபடி கணக்குப் போடுவதுதான் முறை. ஆனால் ஒப்பந்தத்தில் மலிவான வெளியேறும் வழி இல்லாதபோது அந்தக் கணக்கின் விடை கையில் இருந்தும் பயனில்லை. வங்கிக்கடன் ஏறிவிட்டது, தூண்கள் நின்றுவிட்டன, நிறுவனத்தின் பெயர் நகரம் முழுக்கத் தெரிகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளவு தெரிந்துதான் இருந்தது. போடுகிற கையை நிறுத்தும் உரிமைதான் இல்லை.

2017 நவம்பர் 28 அன்று மியாப்பூர்–நாகோல் பாதையைப் பிரதமர் திறந்து வைத்தார். 2018 செப்டம்பரில் எல்.பி. நகர் வரை, 2019இல் ஹைடெக் சிட்டி, பிறகு ராய்துர்க். கடைசியாக 2020 பிப்ரவரி 7 அன்று, ஜூபிலி பேருந்து நிலையத்தையும் (ஜேபிஎஸ்) மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தையும் (எம்ஜிபிஎஸ்) இணைக்கும் பாதை. மொத்தம் சுமார் 69 கிலோமீட்டர் கையில் வந்தது. செலவு ஏறக்குறைய 19,000 கோடி. ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து, மார்ச் 22 அன்று, கொரோனாவால் எல்லா ரயிலும் நின்றது. செப்டம்பர் 7 அன்றுதான் மறுபடி ஓடியது.

நஷ்டங்களை வரிசையாகப் பார்த்தால்: 2020-21இல் 1,766 கோடி, 2021-22இல் 1,745 கோடி, 2022-23இல் 1,315 கோடி, 2023-24இல் 555 கோடி, 2024-25இல் 625 கோடி. 2023-24இல் குறைந்ததற்குச் சொத்துகளைப் பணமாக்கியதும் ஒரு காரணம். ஐந்து வருடமும் கூட்டினால் 6,000 கோடியைத் தாண்டுகிறது. போட்ட பங்கு முதலின் அளவு.

பயணிகள் கணக்கு

கொரோனாவை மட்டும் காரணம் சொல்வது சுலபம், ஆனால் கணக்கு ஒத்துவராது. 2023 ஜூலையில் மெட்ரோவில் நாளுக்கு 5 லட்சம் பேரைத் தாண்டிப் பயணம் செய்தார்கள்; அது அதுவரை இல்லாத உச்சம். சராசரி டிக்கெட் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் வசூல் 1.75 கோடி, வருடத்துக்கு 640 கோடி. 13,000 கோடிக் கடனுக்கு 8 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 1,040 கோடி, நாளுக்கு 2.85 கோடி. மிக நன்றாக ஓடிய நாளிலும் டிக்கெட் பணம் முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வட்டியே அடையாது. கரண்ட், ஆட்கள், பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். எதிர்பார்த்த 15 லட்சம் பேர் வந்திருந்தால் அதே டிக்கெட்டில் வருடத்துக்கு 1,900 கோடிக்கு மேல் வந்திருக்கும். திட்டத்தின் வாழ்வும் சாவும் அந்த ஒரு எண்ணில் இருந்தது.

கட்டிடப் பக்கமும் அப்படியே. பஞ்சாகுட்டா, எர்ரமஞ்சில், ஹைடெக் சிட்டி, மூசாரம்பாக் என்று நான்கு மால்கள் வந்தன. 1.85 கோடி சதுர அடி உரிமையில் இவை சின்னப் பகுதிதான். நிலத்தின் விலை ஏறும் என்பது சரியாகவே இருந்தது. ஆனால் கட்டிடம் கட்ட இன்னும் கடன் வேண்டும், ஏற்கெனவே கடனில் இருக்கும் நிறுவனம் அதை எங்கிருந்து வாங்கும்?

2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணம் வந்தது. 2024 மே மாதம் எல் அண்ட் டியின் நிதித் தலைவர் ஆர். சங்கர் ராமன், 2026க்குப் பிறகு மெட்ரோவை விட்டு வெளியேறும் எண்ணத்தைச் சொன்னபோது, பெண் பயணிகள் பேருந்துக்குப் போய்விட்டதையும் குறிப்பிட்டார். அந்த இலவசப் பயணம் வேலைக்குப் போகும் பெண்களின் கையில் மாதாமாதம் பணத்தை மிச்சப்படுத்துகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 35 வருட ஒப்பந்தத்துக்குள் போகிறவர், அந்தக் காலத்தில் வரும் ஏழெட்டுத் தேர்தல்களையும் தன் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். டிக்கெட் கட்டணத்திலும் இதே நிலைமை. 2017இல் 10 முதல் 60 ரூபாய் வரை இருந்தது. 2025 மேயில் 12 முதல் 75 ஆக உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் உடனே 11 முதல் 69 ஆகக் குறைத்தார்கள்.

நிறுவனம் செய்தது

கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 2021 டிசம்பரில் சுமார் 13,000 கோடிக் கடனை, கடன் பத்திரங்களாலும் வணிகப் பத்திரங்கள் என்ற குறுகிய காலப் பத்திரங்களாலும் மாற்றி வட்டியைக் குறைத்தார்கள். ஆனால் அந்தப் பத்திரங்களுக்குத் தாய் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்தது. தனி நிறுவனம் தொடங்கித் திட்டத்தை நடத்துவதன் நோக்கமே, திட்டம் மூழ்கினால் தாய் நிறுவனம் நனையாமல் இருப்பதுதான். வட்டிச் சுமையைக் குறைக்க அந்தச் சுவரை அவர்களே திறந்துவிட வேண்டியதாயிற்று. எனக்கு இதில் வருத்தம்தான்; வேறு வழியும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே சமயத்தில் ‘லக்ஷ்யா 2026’ என்ற ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. பங்கு முதலின் மேல் 18 சதவீதத்துக்கு மேல் வருமானம் என்ற இலக்கு. ஒப்பந்த வேலையில் கவனம். சொந்தமாக வைத்து நடத்தும் சாலை, மெட்ரோ போன்றவற்றிலிருந்து வெளியேறுதல். முன்பே காட்டுப்பள்ளி துறைமுகம் 2018இல் 1,950 கோடி மதிப்பில் அதானி போர்ட்ஸுக்குப் போயிருந்தது. சாலைகளை வைத்திருந்த துணை நிறுவனத்தை விற்க 2022 டிசம்பரில் ஒப்பந்தமானது. விலை 2,723 கோடி.

சாலைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கிருஷ்ணகிரி–தொப்பூர், கிருஷ்ணகிரி–வாலாஜாபேட்டை சாலைகளில் போனவர்கள் எல் அண்ட் டிக்கு டோல் கட்டியிருப்பார்கள். 2018இல் இவற்றையும் சேர்த்து ஐந்து சாலைகளை, பலரிடம் பணம் திரட்டி இப்படிப்பட்ட சொத்துகளை வாங்கி வைக்கும் ஒரு முதலீட்டு அறக்கட்டளைக்கு மாற்றி, போட்ட முதலை வெளியே எடுத்தார்கள். ஓடும் சாலைக்கு வாகன எண்ணிக்கை தெரியும், வாங்க ஓய்வூதிய நிதிகள் இருக்கின்றன, கடனும் தாங்கும் அளவில் இருக்கிறது. மெட்ரோவுக்கு வாங்குபவர் ஒருவர்தான்: அரசு. விற்பவர் எவ்வளவு திறமையாகப் பேசினாலும், ஒரே ஒருவர் மட்டுமே வாங்கக்கூடிய பொருளுக்கு நல்ல விலை வராது. 5,900 கோடிக்கு 2,000 கோடி என்பதன் காரணத்தில் பாதி இதுதான்.

சரி, போன 3,900 கோடியை எப்படிப் பார்ப்பது? எல் அண்ட் டியின் கட்டுமான, திட்ட வேலைகளில் செயல்பாட்டு லாபம் அண்மை வருடங்களில் 8 சதவீத அளவில் இருக்கிறது. அந்தக் கணக்கில் 3,900 கோடியைச் சம்பாதிக்க ஏறக்குறைய 49,000 கோடிக்கு வேலை செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான ஆட்கள் வெயிலில் நின்று செய்கிற வேலை அது. எல் அண்ட் டிக்குத் தாங்கும் பலம் இருந்தது. அதே பத்தாண்டுகளில் அகலக்கால் வைத்த கட்டுமான நிறுவனங்களில் லேன்கோ இன்ஃப்ராடெக் 2018இலும், ஐவிஆர்சிஎல் 2019இலும் கலைப்புக்குப் போயின. மூலதன பட்ஜெட்டில் ஏற்படுகிற தவறு சிறிய நிறுவனத்தை மூடவைக்கும், பெரிய நிறுவனத்தின் பத்து வருடத்தைச் சாப்பிடும்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு அரசின் ஒப்பந்த முறையும் மாறியது. 2016இல் நெடுஞ்சாலைகளுக்கு வந்த ‘ஹாம்’ (ஹைப்ரிட் ஆன்யுட்டி) முறையில் செலவின் 40 சதவீதத்தை அரசு கட்டும்போதே தருகிறது. மீதி தவணைகளில் வருகிறது. டோல் வசூல் அரசின் கவலை. 80 சதவீத நிலம் கையில் வந்த பிறகே வேலை தொடங்கும் நாள் குறிக்கப்படும். 2012 ஜூலையில் ஹைதராபாத்தில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால், அந்த நாள் இன்னும் தள்ளிப்போயிருக்கும். வட்டிக் கடிகாரமும் அவ்வளவு தாமதமாகத்தான் ஓடத் தொடங்கியிருக்கும்.

மெட்ரோ நல்ல மெட்ரோ. மியாப்பூரிலிருந்து எல்.பி. நகர் வரை ஏசியில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அப்போது கட்டாமல் விட்ட பழைய நகரப் பாதை இப்போது இரண்டாம் கட்டத்தில், எம்ஜிபிஎஸ்ஸிலிருந்து சந்திராயன்குட்டா வரை ஏழரை கிலோமீட்டராக நீண்டு நிற்கிறது. அதில் பங்கு முதல் போட எல் அண்ட் டி மறுத்துவிட்டது.